அந்த மாலை யார் போட்டது?

தியாகலிங்கத்துக்கு முதுகு வலித்தது. இடுப்புக்கு மேலே, வலது பக்கமாக, சீமெந்து மூட்டைகள் விழுந்து விழுந்து பழகிய அதே இடத்தில். மூட்டை சுமந்த காலம் போய்விட்டது. இப்போது கனடா மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாளா, லண்டன்காரனின் காணி வேலியை எவன் இரவோடு இரவாகத் தள்ளி அடைத்தான் என்று விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு. தொழில் மாறியதை முதுகுக்கு யாரும் சொல்லவில்லை. ஓட்டோ குழியில் இறங்கிய ஒவ்வொரு முறையும் அது பழைய முதலாளியைத் திட்டியது.

"மெல்லமாய் ஓடு பிள்ளை."

"நான் மெல்லமாய்த்தான் ஓடுறன் அண்ணை. றோட்டுத்தான் துள்ளுது" என்றாள் சுபாஜினி.

ஓட்டோ அவளுடையது. தியாகலிங்கத்தின் துப்பறியும் நிலையத்துக்கு வாகனமும் அவள்தான், உதவியாளும் அவள்தான், வாயும் அவள்தான். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாததால் அந்த வாய் இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே திறந்திருந்தது.

பின் இருக்கையில் தியாகலிங்கத்துக்குப் பக்கத்தில் குணலட்சுமி இருந்தாள். பருத்தித்துறையில் கருவாடு போடுகிறவள். உப்பு அரித்த கை. முன்கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையின் சின்னவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது.

"விரலுக்கு என்ன?"

"சின்னனிலை வலைக்கயிறு இழுத்து முறிச்சது. அதை விடுங்கோ. இதைப் பாருங்கோ."

மடியில் இருந்து ஒரு பேப்பர்த் துண்டை எடுத்து நீட்டினாள். ஏதோ ஓவியக் கண்காட்சிச் செய்தி. ஒரு ஓவியத்தின் சின்னப் படம். மை பரவிய ஆண்முகம். கழுத்திலே மாலை. நெற்றியிலே சந்தனப்பொட்டு. கீழே ஒரு குத்துவிளக்கு.

"இது என்ரை மனுசன். வேலும்மயிலும். இடது கன்னத்து மச்சம்தான் மையிலை தெரியேல்லை."

அவன் கடலுக்குப் போக இராணுவ முகாமில் பாஸ் எடுக்கவென்று வீட்டை விட்டுப் போனது இரண்டாயிரத்து ஆறில். திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடையாள அட்டை அவனோடு போனது. வீட்டில் இருந்த படங்களை அதற்கு முன்னமே சுனாமி கொண்டுபோயிருந்தது. குணலட்சுமி நெற்றியில் பொட்டு வைத்தாள், கழுத்தில் தாலி போட்டிருந்தாள், யாராவது இரக்கப்பட்டுப் பார்த்தால் முறைத்தாள்.

"என்ரை மகள் மதுராவுக்கு வாற கிழமை கலியாணம். உந்தப் பேப்பரை மாப்பிளையின்ரை தாய் மீனாம்பிகை பாத்திட்டா. படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைச்சு, விளக்கும் ஏத்தியாச்சு, இனி ஆரை ஏமாத்தப் பொட்டு வைக்கிறாள் எண்டு கேக்கிறா. நான் ஆலாத்தி எடுக்கக்கூடாதாம். மணவறைப் பக்கம் வரக்கூடாதாம். பொட்டை அழிச்சுப்போட்டுப் பின்வரிசையிலை இருக்கட்டாம்."

"மகள் என்ன சொல்லுறாள்?"

"அழுகிறாள். எனக்கு அழுகை வரேல்லை. எனக்கு ஆத்திரம்தான் வருது. என்ரை மனுசனுக்கு மாலை போட உவன் ஆர்? எங்கையிருந்து உவனுக்கு அந்த முகம் கிடைச்சது? எனக்கே கிடைக்காத முகம்!"

அதுதான் வழக்கு. தியாகலிங்கம் பேப்பர்த் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண்காட்சி யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பழைய கல்வீட்டில் நடந்தது. வாசலில் குளிரூட்டிய வான்கள் நின்றன. குணலட்சுமி இறங்க மறுத்துவிட்டாள்.

"நான் உள்ளை வந்தால் கிழிச்சுப்போடுவன்."

"அப்ப இருங்கோ அக்கா" என்றாள் சுபாஜினி. "கிழிக்கிறதெண்டால் கடைசியிலை கூப்பிடுறம். முதல் பார்ப்பம்."

உள்ளே வெள்ளைச் சுவர். சுவர் முழுக்க முகங்கள். எல்லா முகத்துக்கும் மாலை, பொட்டு, விளக்கு. சனம் கையிலே பழரசக் கிளாசோடு செத்தவீட்டுச் சுவர்களுக்கு நடுவே சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றது. பல படங்களுக்குக் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

"இதென்ன அண்ணை, சட்டத்துக்கும் பொட்டு வைச்சிருக்கினம்?"

"விலைப்பட்டுதெண்டு அர்த்தம்."

"அப்ப அந்தப் பொட்டை மட்டும் ஒருத்தரும் அழிக்கச் சொல்லமாட்டினம்."

சுபாஜினி மேசையில் இருந்த பளபளப்பான தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். "ஏரம்பு பிரவீணன். ஏற்கெனவே உள்ள பிம்பங்களைக் கலைத்து மீள ஆக்கும் ஓவியர். நாட்காட்டிக் கடவுளரில் தொடங்கி, சினிமாச் சுவரொட்டிகளைக் கடந்து, இன்று மரண அறிவித்தல்களில் நிற்கிறார்... அண்ணை, மனுசன் ஒரு படத்தையும் தானாய்க் கீறினதில்லைப் போல. எல்லாம் ஆரோ கீறினதுக்கு மேலை."

"மிச்சத்தை வாசி."

"கொழும்பு, டில்லி, பெர்லின் நகரங்களில் கண்காட்சி. 'காலமானவர்' வரிசையில் யாருமற்ற முகங்களுக்கு இறுதி மரியாதை செலுத்துகிறார். யாருமற்ற முகமாம்! வெளியிலை ஓட்டோவுக்குள்ளை ஒரு ஆள் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கு."

வேலும்மயிலும் மூலைச் சுவரில் தொங்கினான். ஆள் உயரத்துக்குப் பாதி இருந்தது அந்தத் துணி. பேப்பரில் பார்த்த மையில்லை இது. தசை தெரிந்தது. தியாகலிங்கம் இடுப்பில் கையை ஊன்றி, முகத்தில் இருந்து கீழ் நோக்கி மெதுவாகப் பார்த்தார். ஒல்லியான ஒற்றைச் சர மாலை. அதன் பாரத்தில் சட்டைக் கொலரின் ஒரு நுனி மடிந்து கிடந்தது. மாலைக்குக் கீழே சட்டைப் பொக்கற். பொக்கற்றில் பொன்நிறத்தில் ஒரு பேனையின் கொளுக்கி. முழங்கை மடிகிற இடத்தில், படம் முடிகிற விளிம்போடு, வெள்ளையாக ஒரு பூ.

"பிள்ளை, உது என்ன பூ?"

"தெரியேல்லை. ஒரு பக்கம்தான் இதழ் இருக்கு. நாலு. மற்றப் பக்கத்தை ஆடு திண்டிட்டுது போல. அதிலையும் ஒரு இதழ் கோணல்."

பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அது துக்கத்தின் பூ ஐயா. இயற்கையிலை இல்லாதது."

பிரவீணன் நின்றான். நாற்பது கடந்தவன். கசங்கின மாதிரித் தைத்த விலை கூடிய கதர்ச் சட்டை. நகத்தில் மட்டும் வர்ணம்.

"இந்த ஆள் ஆர் தம்பி?" என்று தியாகலிங்கம் கேட்டார்.

"ஒருத்தருமில்லை. பழைய பேப்பர், மரண அறிவித்தல், எங்கையோ கிடந்த துண்டுகள். பலபேரின்ரை முகத்தைச் சேர்த்து ஒரு முகம். கலைக்கு விலாசம் கிடையாது."

"இது தன்ரை மனுசன் எண்டு ஒரு பொம்பிளை சொல்லுறா."

பிரவீணன் களைப்பாகச் சிரித்தான். "எல்லா ஊரிலையும் ஆரோ ஒருத்தர் அப்பிடிச் சொல்லுகினம். அவவின்ரை மனுசனுக்கு மச்சம் கிச்சம் இருந்ததோ?"

"இடது கன்னத்திலை."

"பாருங்கோ, இவருக்கு வலது கன்னத்திலை." விரலால் தொட்டுக் காட்டினான். "வேறை ஆள். அவவுக்கு என்ரை அனுதாபத்தைச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு அவன் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் போனான். அனுதாபம் அவனிடம் நிறைய இருந்தது. அதைச் சட்டம் போட்டு விற்றுக்கொண்டிருந்தான்.

"அப்ப பிழைச்சுப்போச்சே அண்ணை? வேறை ஆளோ?"

"உன்ரை சட்டையைப் பார். பொக்கற் எந்தப் பக்கம்?"

சுபாஜினி குனிந்து தன் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். "இடது."

"என்ரை?"

"இடது. உலகத்திலை எல்லாருக்கும் இடதுதான்." படத்தைப் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது. "இவருக்கு வலது! எந்தத் தையற்காரன் அண்ணை இது?"

"தையற்காரன் பிழைவிடேல்லை. படம் மாறிக் கிடக்குது, கண்ணாடியிலை பாக்கிற மாதிரி. பொக்கற்றைத் திருப்பி இடது பக்கம் வை. அப்ப மச்சமும் இடது கன்னத்துக்கு வரும்."

"அப்ப ஆள் அவர்தான்!"

"பேப்பரிலை இருந்து எடுத்த படம் மாறாது. நெகற்றிவ்வைப் பின்பக்கமாய்ப் பிடிச்சால்தான் மாறும். உவனிட்டை நெகற்றிவ் இருக்கு. பல முகமாம், சேர்த்ததாம். பச்சைப் பொய். வா, வீடு எங்கையெண்டு விசாரி."

சுபாஜினி வாசல் மேசையில் இருந்த பெட்டையிடம் போய்ப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "தங்கச்சி, எங்கடை முதலாளி ஒரு பெரிய படம் வாங்கப்போறார். ஓவியர் வேலை செய்யிற இடத்தைப் பாக்கோணுமாம்." பெட்டை தியாகலிங்கத்தின் செருப்பைப் பார்த்தாள், நம்பவில்லை, ஆனாலும் சொன்னாள். அளவெட்டி. கோயிலடி தாண்டிப் பச்சைக் கேற்.

ஓட்டோவுக்குள் குணலட்சுமி போகும்போது இருந்தபடியே இருந்தாள். தியாகலிங்கம் ஏறினதும் கேட்ட முதற்கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உங்கடை மனுசன் பொக்கற்றிலை பேனை வைச்சிருக்கிறவரே?"

"விசர்க் கதை கதைக்கிறியளே? கடலுக்குப் போறவனுக்குப் பேனை எதுக்கு? அந்தாளுக்கு எழுதத் தெரிஞ்சதே தன்ரை பேர் மட்டும்தான்."

"ஒருக்காலும் வைச்சதில்லை?"

"இல்லை எண்டுறன்." பிறகு நிறுத்தினாள். "ஒருக்கால். கலியாண எழுத்தண்டைக்கு."

தொண்ணூற்றைந்து ஐப்பசி. மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து சுன்னாகத்தில் கிடந்த நேரம். ஷெல் சத்தத்துக்குள் கோயிலில் தாலி கட்டி அங்கேயே எழுத்தும் முடித்தார்கள். வேலும்மயிலும் கையெழுத்து வைத்துவிட்டுப் பதிவுகாரரின் பேனையைப் பதற்றத்தில் தன் பொக்கற்றில் செருகிக்கொண்டான். பதிவுகாரர் மேசைக்குக் கீழே, பாய்க்குக் கீழே, குருக்களின் தட்டுக்குக் கீழே எல்லாம் தேடினார். அதற்குள் இவர்கள் மாலையும் கழுத்துமாகப் படம் எடுக்கப் போய்விட்டார்கள்.

"படம் எடுத்து முடியத்தான் பேனையைக் கண்டனான். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்துக்குத்து வந்தது. முழுக்காசும் குடுத்தது. அடுத்த கிழமை வந்து எடுங்கோ எண்டவர் ஸ்ரூடியோக்காரர். அடுத்த கிழமை வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து மழைக்குள்ளை றோட்டிலை. சமாதானம் வந்த நேரம் போய்ப் பாத்தன். கட்டிடத்துக்குக் கூரையும் இல்லை. அந்தப் படத்தை நான் ஒருநாளும் கண்ணாலை காணேல்லை."

"ஸ்ரூடியோவின்ரை பேர்?"

"ஏரம்பு ஸ்ரூடியோ."

சுபாஜினி பளபளப்புத் தாளை எடுத்து அவர்கள் முகத்துக்கு முன்னே பிடித்தாள். முதல் வரியைக் காட்டினாள். ஏரம்பு பிரவீணன்.

"தேப்பன்ரை பேரை முன்னுக்குப் போட்டிருக்கிறான் அண்ணை. நன்றியுள்ள பிள்ளை."

"ஓட்டு."

இந்த முறை அவர் மெல்லமாய் ஓடு என்று சொல்லவில்லை.

பச்சைக் கேற்றுக்குள் பழைய வீடு. அதற்குப் பின்னால் புதிதாகக் கட்டின ஒரு நீளமான அறை. முற்றத்துக் கதிரையில் கறுப்புக் கண்ணாடி போட்ட முதியவர் ஒருவர் இருந்தார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. ஒரு கண்ணுக்கு வெட்டியும் சரிவரவில்லை.

"ஆர் அது?"

"ஐயா, நீங்கள்தானே சுன்னாகத்திலை ஸ்ரூடியோ வைச்சிருந்த ஏரம்பு?"

"ஓம். இப்ப படம் எடுக்கிறேல்லை. எடுத்தாலும் தலை இருக்காது."

குணலட்சுமி முன்னால் வந்தாள். "தொண்ணூற்றைஞ்சிலை எடுத்த படம் ஒண்டு தரவேணும் நீங்கள். மயிலிட்டி ஆக்கள். கலியாணச் சோடி. பேனை செருகின மாப்பிளை."

கிழவர் கதிரையில் நிமிர்ந்தார். "பேனை! பதிவுகாரர் என்ரை கடைக்கே ஓடி வந்தவரல்லோ, கள்ளர் எண்டு கத்திக்கொண்டு! பிள்ளை, உங்களுக்குப் படம் வந்திருக்கோணுமே. இன்னும் தரேல்லையே?"

"ஆர் தாறது?"

"என்ரை மோன்தான். இடம்பெயர்ந்தபோது நான் வீட்டுச் சாமான் ஒண்டும் எடுக்கேல்லை. நெகற்றிவ் பெட்டியைத்தான் சைக்கிளிலை கட்டினனான். மனுசி திட்டித் திட்டி நடந்து வந்தவள். சண்டை முடிஞ்ச பிறகு, கண் போகேக்கை, அவனிட்டைக் குடுத்தன். காசு வாங்கினது. ஒவ்வொருத்தரையும் தேடிப் பிடிச்சுப் படத்தைக் குடுத்து முடி எண்டனான். அவனும் ஓம் எண்டவன். ஊர் ஊராய்க் கொண்டுபோறன் ஐயா, சனம் வந்து பாக்குது எண்டு சொல்லுறவன்."

சுபாஜினி பளபளப்புத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் தள்ளினாள்.

"கொண்டுபோறான்தான் ஐயா" என்றார் தியாகலிங்கம். "பெட்டி எங்கை?"

பின்னறை பூட்டியிருக்கவில்லை. ஒரு மேசையில் படம் பெருப்பித்துத் துணியில் விழுத்துகிற பழைய புரொஜெக்டர். பக்கத்தில் கத்தரிக்கோல். கீழே தகரப் பெட்டி. பெட்டி நிறையச் சின்னச் சின்னக் காகித உறைகள். கிழவர் சுவரைத் தடவி வந்து பெட்டியடியில் குந்தினார். உறைகளின் விளிம்பை விரலால் ஓட்டினார்.

"காசு முழுக்கக் கட்டினவையின்ரை உறைக்கு மேல்மூலையை மடிச்சுவிடுவன். இருட்டறைக்குள்ளை தடவிப் பாத்தே தெரியும், எது கெதியாய்க் குடுக்கவேண்டியது எண்டு." விரல் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லா மூலையும் மடிந்திருந்தது. "ஒண்டும் போகேல்லை. ஒண்டுமே போகேல்லை, என்ன?"

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வாசல் மேசைப் பெட்டை தன் கடமையைச் செய்திருந்தாள். பிரவீணன் மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

"ஆரைக் கேட்டு உள்ளை வந்தனியள்? நான் பொலிசைக் கூப்பிடுவன்."

"கூப்பிடும் தம்பி" என்றார் தியாகலிங்கம். "அந்தப் பேனைக்காரரின்ரை நெகற்றிவ்வை எடுத்து வைச்சிட்டுக் கூப்பிடும்."

"நெகற்றிவ் படம் எடுத்தவனுக்குத்தான் சொந்தம். அது சட்டம்."

"எடுத்தவன் நான்" என்றார் கிழவர் நிலத்தில் இருந்தபடியே. "குடு."

பிரவீணன் தகப்பனைப் பார்த்தான். மேசை லாச்சியைத் திறந்தான். பிளாஸ்ரிக் சட்டத்துக்குள் மாட்டின ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தான். தியாகலிங்கம் அதை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு குணலட்சுமியிடம் கொடுத்தார்.

கறுத்த முகம். வெள்ளைத் தலைமயிர்.

அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"நரைச்சுப்போச்சு" என்றாள். "இப்ப இருந்தால் இப்பிடித்தான் நரைச்சிருக்கும்."

சுபாஜினி தன் போனை எடுத்தாள். நெகற்றிவ்வை வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து, நிறத்தை மாற்றி, பக்கத்தையும் மாற்றினாள். திரையில் வேலும்மயிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். மச்சம் இடது கன்னத்தில். பொக்கற் இடது பக்கத்தில். பொக்கற்றில் பதிவுகாரரின் பேனை. நெற்றியில் சந்தனம் இருந்தது. விளக்கு இல்லை.

கழுத்தில் மாலை இருந்தது.

"மாலை இதிலையும் இருக்கே அண்ணை!" என்றாள் சுபாஜினி. "உவன் கீறினதெண்டல்லோ நினைச்சம்?"

"செத்த ஆளின்ரை படத்துக்குப் போடுற மாலை சட்டத்திலைதான் தொங்கும். சட்டைக் கொலரை நசிக்காது. அங்கை சுவரிலை பாக்கேக்கையே கொலர் நசிஞ்சு கிடந்தது. இது உயிரோடை நிண்ட கழுத்திலை விழுந்த மாலை. அந்தப் பூவைப் பெருப்பி."

சுபாஜினி திரையில் விரலை விரித்தாள். முழங்கை பெரிதாகி வந்தது. பூ இல்லை. முழங்கையைப் பிடித்திருந்த நான்கு விரல்கள். சின்னவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

குணலட்சுமி தன் கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"அது நான்."

"ஓம் தங்கச்சி" என்றார் தியாகலிங்கம். "மாலை போட இவன் ஆர் எண்டு கேட்டியள். இவன் போடேல்லை. நீங்கள் போட்டது. இவன் செய்தது ஒண்டுதான். உங்களை வெட்டி எறிஞ்சான். பொம்பிளையை எடுத்துவிட்டால் கலியாணப் படம் செத்தவீட்டுப் படம். விரலை மட்டும் வெட்ட முடியேல்லை, அதுக்குப் பூவைக் கீறிப்போட்டான். துக்கத்தின் பூவாம்!"

"நீங்கள் அதைப் புரிஞ்சுகொள்ளேல்லை" என்றான் பிரவீணன். குரல் ஏறியது. "இந்த மண்ணிலை ஒவ்வொரு கலியாணப் படத்துக்குள்ளையும் ஒரு மரணம் இருக்கு. அதைத்தான் நான்..."

"பொத்தடா வாயை!"

குணலட்சுமியின் குரலில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வளவு நாய் குரைக்கத் தொடங்கியது.

"என்ரை மனுசன் செத்திட்டானெண்டு அரசாங்கம் ஒரு துண்டு தாறன், கையெழுத்து வை எண்டு எத்தினை தரம் வந்தது தெரியுமே உனக்கு? நான் வைக்கேல்லை. காசு தாறம் எண்டினம். வாங்கேல்லை. வெய்யிலுக்குள்ளை றோட்டோரம் குந்தியிருந்து கேட்டனாங்கள், ஆளைக் காட்டு எண்டு. அவ்வளவு பேராலையும் சாகடிக்க ஏலாத ஆளை நீ ஒரு கத்தரிக்கோலாலை சாகடிச்சுப்போட்டாய். கோதாரியிலை போவானே! நான் போட்ட மாலை அது. கழட்டிறதெண்டாலும் நான்தான் கழட்டோணும்!"

பிரவீணன் பின்னுக்கு ஒரு அடி வைத்தான். புரொஜெக்டர் மேசை இடுப்பில் முட்டியது.

"மற்றப் பாதி எங்கை?" என்று தியாகலிங்கம் கேட்டார்.

"இந்த மெசினுக்குள்ளை முழு நெகற்றிவ் போகாது. சட்டத்துக்கு அளவாய் வெட்டினனான். வெட்டின துண்டுகள்... ஒரு பையிலை போட்டு வைச்சனான். கொழும்பிலை இருந்து வரேக்கை அந்தப் பை எங்கையெண்டு தெரியேல்லை."

"எல்லாத்தையும் இப்பிடியே வெட்டினனீ?" கிழவர் கேட்டார்.

அவன் கத்தரிக்கோலை எடுத்து லாச்சிக்குள் போட்டான். கிழவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வெளிறிய கண்கள் மகன் நின்ற பக்கத்துக்குச் சரியாகத் திரும்பவில்லை, சுவரைப் பார்த்தன.

"பொம்பிளையளை வெட்டிப்போட்டு ஆம்பிளையளை வித்திருக்கிறாய். நான் குருடன் எண்டபடியால் எனக்குத் தெரியேல்லை. வந்து பாத்த சனத்துக்கும் கண் இல்லையே?"

குணலட்சுமி தன் போனை எடுத்தாள். பழைய, திரை வெடித்த போன். சம்பந்தி வீட்டுக்கு எடுத்தாள்.

"மீனாம்பிகை அக்கா, நான் குணம் கதைக்கிறன். பேப்பரிலை பாத்தியளே ஒரு மாலை, அது என்ரை கலியாண மாலை. அவரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நான் பக்கத்திலை நிக்கிறன். என்ரை விரல் தெரியுது. சுன்னாகத்துப் பதிவுகாரரிட்டை இருந்து அவர் மறந்துபோய்க் கொண்டுவந்த பேனையும் பொக்கற்றிலை இருக்கு. கொண்டுவந்து காட்டுறன். காட்டினாப் பிறகும் பின்வரிசை எண்டு சொன்னியளெண்டால், உங்கடை மோனையும் நீங்களே பின்வரிசையிலை வைச்சிருங்கோ. மதுராவிட்டைக் கேட்டுத்தான் சொல்லுறன்."

மதுராவிடம் அவள் கேட்கவேயில்லை என்பது தியாகலிங்கத்துக்கும் சுபாஜினிக்கும் தெரியும். மறுமுனையில் ஏதோ சொல்லப்பட்டது. குணலட்சுமி போனை வைத்தாள்.

"என்னவாம் அக்கா?"

"கொண்டுவா, பாப்பம் எண்டுறா. அந்தப் பேனையையும் பாக்கோணுமாம். பதிவுகாரர் அவவின்ரை பெரியப்பாவாம். சாகுமட்டும் அந்தப் பேனையைச் சொல்லித் திட்டினவராம்."

சுபாஜினி முதலில் சிரித்தாள். தியாகலிங்கத்துக்குச் சிரிக்க முதுகு விடவில்லை. குணலட்சுமி சிரிக்கவில்லை. நெகற்றிவ்வைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் செருகினாள்.

வாசலில் தியாகலிங்கம் திரும்பி நின்றார். "தம்பி, சுவரிலை தொங்கிறதை இண்டைக்கே இறக்கும். நாளைக்கு இவவை இறங்கி உள்ளை வரச்சொல்லுவன். பிறகு கிழிஞ்சால் அதுக்கும் ஒரு பேரை வைச்சு வில்லும்."

"அது ஏற்கெனவே விலைப்பட்ட..."

"இறக்கு" என்றார் கிழவர். "இறக்கிப்போட்டு வந்து இதிலை இரு. பெட்டியிலை உள்ள அவ்வளவு பேரையும் நாங்கள் தேடப்போறம். முதல் அந்தப் பையைத் தேடு."

ஓட்டோ மல்லாகம் சந்தியில் திரும்பும்போது குணலட்சுமி கேட்டாள். "அண்ணை, நான் அண்டைக்கு என்ன நிறச் சேலை கட்டினனான் எண்டு எனக்கு மறந்துபோச்சு. கறுப்பு வெள்ளைப் படத்திலை நிறம் தெரியாதுதான். ஆனால் சிரிச்சனானோ எண்டு தெரிஞ்சிருக்கும், என்ன?"

அதற்குப் பதில் இருந்த துண்டு கொழும்புக்கும் அளவெட்டிக்கும் நடுவே எங்கேயோ ஒரு பைக்குள் கிடந்தது, அல்லது குப்பையோடு எரிந்துபோயிருந்தது.

ஏரம்பு ஸ்ரூடியோ குணலட்சுமிக்கு ஒரு கலியாணப் படம் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை நிற்கிற பாதியைக் கொடுத்தாயிற்று. பெண் நிற்கிற பாதி இன்னும் கடன்.